தசை அப்படியே இருந்தது

மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் காலை, பயிற்சி மருத்துவர் ஒருவர் அளவு நாடாவை எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தார். இரண்டும் ஒரே சுற்றளவு. கெண்டைக்காலையும் அளந்தார். எழுதிக்கொண்டே, "மசில் நல்லா இருக்கு அண்ணே, ஜிம்முக்குப் போவீங்களா?" என்று கேட்டார். போவேன் என்றேன்.

"சரி, வலது காலைத் தூக்குங்க."

தூக்கினேன். அதாவது, தூக்கும்படி காலுக்குச் சொன்னேன். போர்வை அசையவில்லை.

அவர் காத்திருந்தார். நான் மறுபடியும் சொன்னேன். பெருவிரல் மட்டும் லேசாக ஆடியது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. அவர் விரலால் தொட்ட இடம் துல்லியமாகத் தெரிந்தது. கொசு உட்கார்ந்தாலும் தெரிந்திருக்கும், விரட்டத்தான் முடிந்திருக்காது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்ப்பவன். தினமும் மதியம் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவேன், இரவு வீடு திரும்புவேன். பலம், பலசாலி, பலப்பரீட்சை என்று எத்தனை தலைப்புகள் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பலம் என்றால் தசை என்பதற்கு மேல் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது இந்த நோய். என்னைப் போலவே காலையில் கால் வராமல் படுத்துக் கிடந்து, "அசதி" என்று நினைத்துக் குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பலத்துக்கு ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தது: அப்பாவைத் தூக்குவது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. அதில் எங்களுக்கு ஆறுதலும் உண்டு, அவஸ்தையும் உண்டு. காலையில் நான் அவர் கட்டிலருகே நின்று, அக்குளுக்கு அடியில் கைகொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்து, ஒரே சுழற்றலில் சக்கர நாற்காலியில் வைப்பேன். குளியலறைக்கு, பிறகு கூடத்துக்கு, பிறகு சாய்வு நாற்காலிக்கு. இரவு வேலை முடிந்து வந்து மறுபடியும் கட்டிலுக்கு. என் மனைவி சுமதி பாலர் பள்ளி ஆசிரியை. உயரத்திலும் எடையிலும் என்னில் பாதி என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. அவள் அப்பாவுக்குச் சமைப்பாள், ஊட்டுவாள், துணி மாற்றுவாள். தூக்குவது மட்டும் என் இலாகா. அதற்காகத்தான் ஜிம்முக்கே போக ஆரம்பித்தேன்.

முதல் தடவை அது வந்தது ஒரு திங்கட்கிழமை. முந்தைய நாள் காப்பாரில் தேவகி அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்கா எனக்கு நேர் மூத்தவள். எங்களுக்கு அம்மா இல்லை என்பதால் குடும்பத்தில் எதைச் சொல்வதானாலும் அவள்தான் சொல்வாள். மண்டபத்தில் மேசை, நாற்காலி, சமையல் கேஸ் தோம்பு எல்லாம் தூக்கிப்போட்டேன். பிறகு இலையில் உட்கார்ந்து சோறு இரண்டு முறை, பாயசம் மூன்று முறை. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

காலையில் பக்கத்து அறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "டேய், விடிஞ்சிருச்சு. வாடா."

எழுந்திருக்க முயன்றேன். இடுப்புக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை. முழங்கையை ஊன்றினேன், அதுவும் மடங்கியது. சுமதி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. காலு வரல."

அப்பா மறுபடியும் கூப்பிட்டார். சுமதி ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது: "ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா, யாருடா யாரைத் தூக்கறது?"

அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து பல வாரங்களுக்கு எங்கள் வீட்டின் ஒரே கேள்வி அதுவாகத்தான் இருந்தது.

மதியத்துக்குள் கால் தானாகவே திரும்பியது. முதலில் பாதம், பிறகு முழங்கால், கடைசியாகத் தொடை. பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், ரத்த அழுத்தம் பார்த்தார், வேலைப் பளு என்றார். வைட்டமின் கொடுத்தார். அன்று மாலையே காப்பாரிலிருந்து அக்கா வந்தாள். கையில் குளுக்கோஸ் டின், கூடவே ஒரு பெரிய பிளாஸ்க்கில் கல்கண்டு போட்ட பார்லித் தண்ணீர்.

"ராத்திரி வேலை, ஒடம்புச் சூடு. பார்லி சூட்டைத் தணிக்கும். குளுக்கோஸ் பலத்துக்கு. ரெண்டையும் கலந்து காலையில ஒரு மக்கு, சாயந்திரம் ஒரு மக்கு குடி."

அப்படியே குடித்தேன். அந்த வாரம் முழுவதும் காலை வேளைகளில் மாடிப்படி ஏறும்போது தொடை கனத்தது. பலம் போதவில்லை என்று நினைத்துக் குளுக்கோஸை ஒரு கரண்டி கூட்டினேன்.

அடுத்த ஞாயிறு இரவு உணவுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண் அசந்தேன். விழித்தபோது கைகளும் போயிருந்தன. அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். கட்டிலுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபின், சுமதி கேட்டுக்கொண்டதற்காக அப்பாவையும் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் கிடைத்த சலுகையாக இருக்கும்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்கள், கால் துள்ளவில்லை. பக்கவாதமா, முதுகுத் தண்டா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பக்கவாதம் என்ற சொல் காதில் விழுந்தபோது எனக்கு வந்த பயத்தை விவரிக்கத் தேவையில்லை. அதைத் தினமும் தூக்கிக்கொண்டிருந்தவன் நான்.

ரத்த முடிவு வந்தவுடன் நடமாட்டம் மாறியது. ஒருவர் ஓடினார், இன்னொருவர் திரையை இழுத்தார். என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் சியூ இளம் பெண், ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு மிகவும் குறைந்திருக்கிறது என்றார். மூன்றரைக்குக் கீழே போகக்கூடாது, எனக்கு இரண்டுகூட இல்லை.

கால் திரும்பி வருமா என்று கேட்டேன்.

கால் வந்துவிடும், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார். தான் பார்த்துக்கொண்டிருப்பது இதயத்தை என்றார். இதயமும் ஒரு தசைதான்.

பொட்டாசியத்தைச் சொட்டு மருந்தாக ஏற்றினார்கள். ஊசி போட்ட இடத்திலிருந்து தோள்வரை எரிந்தது. வேகமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடுமாம். அதனால் எரிச்சலை மெதுவாக, நீண்ட நேரம் அனுபவித்தேன். தலைமாட்டில் இருந்த திரையில் பச்சைக் கோடு ஓடியது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எழுத்துப் பிழை தேடிப் பழகிய கண், ஒவ்வொரு மேடும் முந்தைய மேடு போலவே இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் அந்தத் திரையோடு சேர்த்தே வார்டுக்கு மாற்றினார்கள். நாடாவால் அளந்தது அங்கேதான். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. பிற்பகலில் டாக்டர் சியூ வந்து விசித்திரமான கேள்விகள் கேட்டார். எடை குறைந்ததா? ஆமாம், ஜிம் என்று நினைத்தேன். வியர்க்கிறதா? கிள்ளானில் யாருக்குத்தான் வியர்க்காது. நெஞ்சு படபடக்கிறதா? பக்கம் முடிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் படபடக்கும். கை நடுங்குமா? கோப்பி அதிகம் குடிப்பேன்.

கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் காற்றில் ஆடுவதுபோல் ஆடியது. மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

எனக்கு இருந்த நோயை அவர் சொன்னபடியே சொல்கிறேன். கழுத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது, உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. என்னுடையது அளவுக்குமேல் சுரந்துகொண்டிருந்தது. அப்படிச் சுரப்பவர்களில் சிலருக்கு, பெரும்பாலும் ஆசிய ஆண்களுக்கு, திடீரென்று கைகால் விழும். மணிக்கணக்கில் கிடக்கும், பிறகு தானாக எழும்.

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பிலிருந்து வரும் கட்டளையை அது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள, தசையணுவின் உள்ளேயும் வெளியேயும் உப்புகள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருக்க வேண்டும். என் உடம்பில் பொட்டாசியம் தீர்ந்துபோகவில்லை. வெளியே இருக்க வேண்டியதும் உள்ளே போய் அடைந்துகொண்டது, அவ்வளவுதான். மூளை கட்டளை இட்டது, நரம்பு கொண்டுபோனது, தசை குறையில்லாமல் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இது சந்தேகம்தான் என்றார். சாப்பாட்டைப் பற்றி நாளைக் காலை விரிவாகப் பேசலாம், இப்போதைக்கு மருத்துவமனைச் சாப்பாடு மட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் ராயப்பன் அங்கிள் இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், சர்க்கரை நோயில் பாதத்தில் புண். கழுத்தில் சிலுவை, தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த மாரி பிஸ்கட்.

"பாஸ், ஒங்க தொடையைப் பாத்தா ஃபுட்பால் பிளேயர் மாதிரி இருக்கு. தண்ணி குடிக்க ரெண்டு நர்ஸ் பிடிக்குது. என்னா இது?"

"பேட்டரி வீக், அங்கிள்."

"பேட்டரி வீக்குன்னா பின்னால இருந்து தள்ளுனா ஸ்டார்ட் ஆயிடும்லா. என் பஸ்ஸுக்கு அதான் வைத்தியம்."

மாலைப் பார்வை நேரத்தில் அக்கா வந்தாள். பிளாஸ்க் வந்தது. கூடவே ஒரு டப்பா நிறைய சர்க்கரைப் பொங்கல், கோயிலில் என் பெயரில் அர்ச்சனை செய்து வாங்கியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, தானே ஊட்டினாள். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. பிரசாதத்தை மருத்துவமனைச் சாப்பாட்டுக்கு எதிரான ஒன்றாக நான் கணக்கில் எடுக்கவில்லை. பார்லித் தண்ணீரை யாருமே சாப்பாடு என்று நினைப்பதில்லை. ராயப்பன் அங்கிளுக்கும் ஒரு கோப்பை ஊற்றப்போனாள். தாதி தூரத்திலிருந்தே சத்தம் போட்டதால் அவர் தப்பினார்.

ஊட்டிக்கொண்டே அக்கா பேசினாள்.

"தம்பி, கோவிச்சுக்காத. இன்னிக்குக் காலையில அப்பாவைத் தூக்க எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டிருக்கா சுமதி. அதுக்குள்ள அவரு வேலைக்குப் போயிட்டாரு. அப்பா பதினோரு மணிவரைக்கும் ஈரத்துல கெடந்திருக்காரு."

போர்வைக்குள் பெருவிரலை ஆட்டிப் பார்த்தேன்.

"ஸ்ரீ கெம்பாங்கான்ல வயசானவங்களப் பாத்துக்கற செண்டர் ஒண்ணு இருக்கு. சுத்தமா இருக்கு, நான் போன்ல கேட்டுட்டேன். தமிழ் ஆளுங்களும் இருக்காங்க. ஒரு பெட்டு காலியாம். சனிக்கெழமை போய்ப் பாத்துட்டு வரேன்."

"அப்பா ஒத்துக்க மாட்டாரு."

"ஒத்துக்காம? நீ தூக்குவியா? சுமதி தூக்குவாளா? அவளே ஒரு கொசுமாதிரி இருக்கா. நான் கூட்டிட்டுப் போகலாம்னா எங்க வீட்டுல அஞ்சு படி ஏறணும்." டப்பாவை வழித்து கடைசிக் கவளத்தை வாயில் வைத்தாள். "தின்னு. மொதல்ல நீ எழுந்திரு."

அவள் குரலில் கடுமை இல்லை. பிள்ளைகளில் யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டியதை அவள் சொன்னாள். எனக்கும் மறுக்க எதுவும் இல்லை. அப்பா வீட்டில் இருப்பது என் இரண்டு கைகளை நம்பி இருந்தது. அந்தக் கைகள் போர்வையின்மேல் கிடந்தன.

அக்கா போய்க் கொஞ்ச நேரத்தில், வந்துகொண்டிருந்த கால் மறுபடியும் போனது. இந்த முறை அது போவதை விழித்திருந்து பார்த்தேன். முதலில் தொடை கனத்தது, பிறகு முழங்கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆனது. பச்சைக் கோட்டில் ஒரு மேடு தவறியது, பிறகு இரண்டு நெருக்கமாக வந்தன. கருவி கத்தியது. தாதி வந்தார், டாக்டர் சியூவும் வந்தார்.

என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

மருத்துவமனைச் சாப்பாடுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். மேசையில் பிளாஸ்க் நின்றது. அவர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ராயப்பன் அங்கிள் தன் கட்டிலிலிருந்து மலாயில், "மானிஸ், டாக்டர். ரொம்ப மானிஸ்" என்று சாட்சி சொன்னார். இனிப்பு என்று அர்த்தம்.

மீண்டும் பொட்டாசியம், மீண்டும் எரிச்சல். கோடு ஒழுங்கானபின் டாக்டர் விளக்கினார். இனிப்பும் சோறும் அதிகமாக உள்ளே போனால் உடம்பு இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையை அணுவுக்குள் தள்ளும்போது பொட்டாசியத்தையும் சேர்த்துத் தள்ளும். தைராய்டு ஏற்கெனவே அதே திசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது. கடுமையாக உழைத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, அசையாமல் படுத்தால் மூன்றும் கூடிவிடும். நிச்சயதார்த்தத்தில் நான் செய்தது வரிசை தவறாமல் அதுதான். அதன்பின் ஒவ்வொரு நாளும் பலத்துக்காகக் குடித்ததுதான் பலத்தை உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்காவிடம் சுமதி சொன்னாள். அக்கா வெறும் கையோடு வந்து கட்டிலருகே நின்றாள். அவள் வெறும் கையோடு எந்த மருத்துவமனைக்கும் போய் நான் பார்த்ததில்லை.

"யாருக்குடா தெரியும்?" என்றாள். "பலத்துக்குன்னுதானே டின்லயே போட்டிருக்கு."

பிறகு, "நான் சாமி பேருல வேற குடுத்துட்டேன்" என்றாள். என் உள்ளங்காலைப் போர்வைக்குமேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

தைராய்டு முடிவு டாக்டர் சந்தேகப்பட்டதையே உறுதி செய்தது. சுரப்பை அடக்க ஒரு மாத்திரை, படபடப்பை அடக்க ஒன்று. மாதங்கள் ஆகும், அடங்காவிட்டால் வேறு வழிகள் இருக்கின்றன என்றார்கள். அதுவரை பாரம் தூக்கக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது. அரசு மருத்துவமனை என்பதால் பில் பெரிய கவலையாக இல்லை. எங்கள் கவலை அந்த "மாதங்கள்" என்ற சொல்லில் இருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், என் நடையைப் பார்க்க தர்ஷினி என்ற பிசியோதெரபிஸ்ட் வந்தார். சுமதியும் அங்கே இருந்தாள். தர்ஷினி ஒரு சிறு கருவியை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார், முள் நகர்ந்தது. பிறகு சுமதியை அழுத்தச் சொன்னார், முள் அதில் பாதிதான் போனது. மறுபடி அழுத்துங்க அக்கா, இப்ப சத்தம் போட்டுக்கிட்டே அழுத்துங்க என்றார். சுமதி வெட்கப்பட்டுக்கொண்டே "ஆ" என்று கத்தினாள். முள் முன்பைவிடத் தள்ளிப் போய் நின்றது.

"கையில மசில் கூடிடுச்சா?" என்று தர்ஷினி கேட்டார். "இல்ல. ஒரு மசில்ல ஆயிரக்கணக்குல நார் இருக்கும் அண்ணே. மூளை எல்லாத்தையும் ஒரே நேரத்துல கூப்பிடாது. எத்தனை பேரைக் கூப்பிடுது, எவ்வளவு வேகமா திரும்பத் திரும்பக் கூப்பிடுது, எதிர்ப்பக்க மசிலு விட்டுக்குடுக்குதா, எலும்பு எந்தக் கோணத்துல நிக்குது, எல்லாம் சேர்ந்ததுதான் பலம். பயம் இருந்தா மூளை பாதிப் பேரைக் கூப்பிடவே கூப்பிடாது."

பல ஆண்டுகள் பளுதூக்கும் போட்டிகளைப் பதிவு செய்தவன் நான். தூக்கும்முன் அவர்கள் ஏன் கத்துகிறார்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

அப்பாவை எப்போது தூக்கலாம் என்று கேட்டேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"தாத்தாவுக்கு வலது காலு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கும்."

"இருக்குமா, இருக்கா? நிக்க வெச்சுப் பாத்திருக்கீங்களா?"

பக்கவாதம் வந்த புதிதில் சில மாதங்கள் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். அலைச்சலாக இருந்தது, விட்டுவிட்டோம். அதற்குப் பின் நிற்க வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான்தான் தூக்கிவிடுவேனே.

"அப்ப ரெண்டு வருஷமா அந்தக் காலுக்கு யாரும் வேலை குடுக்கல" என்றார் தர்ஷினி. குற்றம் சொல்லும் தொனி இல்லை. ஒரு தகவலாகச் சொன்னார்.

பிறகு என்னையே நோயாளியாக வைத்துச் சுமதிக்குக் காட்டினார். கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தினார். என் பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். "இப்ப மூக்கு கால் விரலைத் தாண்டி வர்ற மாதிரி முன்னால சாயுங்க. மேல இல்ல, முன்னால. அக்கா, நீங்க தூக்காதீங்க. இடுப்பைப் பிடிச்சு வழி மட்டும் காட்டுங்க."

இன்னும் தொடையில் முழுபலம் வரவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்றே நினைத்தேன். முன்னால் சாய்ந்தேன். தலையின் கனம் முன்னால் போனதும், பின்பாகம் தானாகவே படுக்கையை விட்டுக் கிளம்பியது. என் எடையில் பாதி இருப்பவள் என்னை நிற்க வைத்திருந்தாள். அவள் முகத்தில் வியர்வைகூட இல்லை.

"நான் ஒண்ணுமே பண்ணல" என்றாள் சுமதி.

"அதான் டெக்னிக்" என்றார் தர்ஷினி.

சனிக்கிழமை அக்கா ஸ்ரீ கெம்பாங்கான் போய்ப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடம் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சுமதி, ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கிறேன் என்றாள். நான் அப்பாவின் அறை வாசலில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டேன். எழுந்து உதவக்கூடாது என்று இரண்டு பெண்களும் தனித்தனியாக எச்சரித்தார்கள்.

சுமதி அப்பாவைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களைப் பின்னால் தள்ளினாள். அவர் பழக்கப்படி வலது கையை அவள் கழுத்தில் மாலையாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். தூக்கப்படுவதற்கு அவர் தயார்.

"மாமா, நான் தூக்கல. நீங்க எழுந்திரிக்கப் போறீங்க. மூக்கை முன்னால கொண்டு வாங்க."

கண்ணைத் திறந்தார். "நான் என்னா யானையா, தும்பிக்கையை நீட்டறதுக்கு?"

"கொஞ்சம் சாயுங்க மாமா."

"விழுந்திருவேன்."

"விழ மாட்டீங்க."

சாய்ந்தார். பாதி வழியில் பயந்து பின்னால் விழுந்தார். மெத்தை சத்தமிட்டது. மறுபடி முயன்றார்கள். இந்த முறை அவர் அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். அக்கா, "வேண்டாம்லா சுமதி, இடுப்பு போயிடும்" என்றாள். அப்பா யாரையும் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செண்டர் விஷயத்தை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சுவர் மெல்லியது.

"தேவகி" என்றார். "அங்க எத்தனை பேரு இருக்காங்க?"

அக்கா குனிந்து, கலைந்த போர்வையை மடித்தாள்.

அவர் சுமதியிடம் திரும்பி, "இன்னொரு வாட்டி பாப்போம்" என்றார்.

மூன்றாவது முறையும் அவர் நிற்கவில்லை. ஆனால் அவருடைய உடம்பு படுக்கையைவிட்டு ஒரு கையளவு கிளம்பியதை நாங்கள் மூவரும் பார்த்தோம். அவருடைய வலது தொடை நடுங்கியது. மூட்டை இறக்கிய தொடை. மெலிந்திருந்தாலும் இருந்தது. அக்கா தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ரெண்டு வாரம் டைம் கேக்கறேன்" என்றாள்.

அந்த இரண்டு வாரமும் எதிர்வீட்டுக்காரர் காலையிலும் இரவிலும் வந்து உதவினார். சுமதி பள்ளிக்குப் போகும்முன் அப்பாவை எழுப்பிப் பழக்கினாள், வந்தபின் மறுபடியும். தர்ஷினியிடம் வாரம் ஒருமுறை அழைத்துப் போனோம், இந்தமுறை அலைச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு காலை நேரம், எதிர்வீட்டுக்காரர் வருவதற்குள் அப்பா எழுந்து, சுழன்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, கோப்பி மட்டும் குடித்துப் போனார்.

அதற்குள் தசை எப்படி வளர்ந்தது என்று தர்ஷினியைக் கேட்டேன். வளரவில்லை என்றார். முதல் சில வாரங்களில் கூடுவது தசை இல்லையாம். மறந்துபோன நார்களைக் கூப்பிட மூளை மறுபடியும் கற்றுக்கொள்வதுதானாம். அக்கா செண்டருக்குப் போன் செய்து, கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். எனக்கு அவள் இப்போது கொண்டுவருவது மீன் குழம்பு, ஒரு கைப்பிடிச் சோற்றோடு. அந்தக் கைப்பிடியை அவளே அளக்கிறாள்.

சில மாதங்கள் கழித்து என் தைராய்டு அடங்கியது. கைவிரல்மேல் வைத்த தாள் அசையாமல் கிடந்தது. இனிப் பாரம் தூக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக என்று டாக்டர் சியூ அனுமதி கொடுத்தார். மறுநாள் காலை, சுமதி அடுப்படியில் இருந்தபோது அப்பா கூப்பிட்டார். நான் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பழைய மாதிரியே குனிந்து அவர் அக்குளுக்கு அடியில் கைகொடுத்தேன்.

"கையை எடு" என்றார்.

"இப்ப தூக்கலாம்பா. டாக்டர் சொல்லிட்டாங்க."

"ஒனக்குச் சொல்லிருப்பாங்க. நீ பிடிச்சா என் காலு தூங்கிடும்."

கையை எடுத்தேன். அவர் வலது பாதத்தைப் பின்னால் இழுத்து, கையால் இடது பாதத்தையும் தள்ளிக்கொண்டார். வலது கையைக் கட்டிலில் ஊன்றி, மூக்கை முன்னால் நீட்டி, என்னவோ முனகினார். அல்லது கத்தினார். எழுந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் தோளுக்குக் கொஞ்சம் கீழே தலை வரும்படி நின்றார். அவர் என்னைவிட எவ்வளவு உயரம் குறைவு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டு கைகளும் சும்மா இருக்க, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"அந்த சிலிப்பரைத் தள்ளு" என்றார்.

குனிந்து, வலது காலுக்கு நேராகத் தள்ளி வைத்தேன்.